மருத்துவருக்கு மூன்று முகம்: யூரிசியஸ் கோர்டஸின் வாழ்வும் லத்தீன் கவிதைகளும்

பழஞ்சுவடி

மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் சளைக்காமல் எடுத்தாளும் நான்கு வரி லத்தீன் கவிதை ஒன்று உண்டு. மருத்துவருக்கு மூன்று முகம். ஆள் விட்டுக் கூப்பிடும்போது தேவதூதன் முகம். வந்து நோயைத் தணிக்கும்போது சாட்சாத் கடவுளே. குணமான பிறகு கூலி கேட்டு வந்து நின்றால் பார்க்கவே சகிக்காத சாத்தான்.

பலரும் இதைப் பழமொழி என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எழுதியவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, அவரை நம்பியிருந்த நோயாளிகளும் உண்டு. யூரிசியஸ் கோர்டஸ். இயற்பெயர் ஹைன்ரிஷ் சோல்டே. ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில், மார்புர்க் நகருக்கு வடக்கே சிம்ட்ஸ்ஹவுசன் என்ற சிற்றூரில் 1486இல் உழவர் வீட்டில் பிறந்தவர். எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, அதே ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். 1514இல் ஆயர் பாடல்கள், 1517இல் குறுங்கவிதைகளின் முதல் தொகுதி. மருத்துவம் படிக்கக் கிளம்பியதோ 1521இல், முப்பத்தைந்து வயதில். பிள்ளை குட்டிக்காரர். கேயோர்க் ஸ்டுர்ட்ஸ் என்ற வசதியான நண்பரோடு இத்தாலிக்குப் போய் ஃபெராராவில் பட்டம் வாங்கினார். 1523இல் பிரவுன்ஷ்வைக் நகர மருத்துவர், 1527இல் மார்புர்க்கில் பேராசிரியர், 1534இல் பிரேமன். 1535 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், பிரேமனில் இறந்தார்.

கவிஞர் மருத்துவரானார் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். எனக்கென்னவோ இவருடைய கவிதையும் மருத்துவமும் ஒரே குணத்திலிருந்து வந்தவை என்று படுகிறது. கண்ணால் பாராமல் பேசுகிறவனை இவரால் சகித்துக்கொள்ளவே முடியாது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை. லத்தீன் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள்.

ஓய்ந்தஸ்டெத்

சாத்தான் வேஷம் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

மாலையில் மட்டும் கிளினிக் வைத்திருந்த காலம். நடு ராத்திரி ஒருவர் சைக்கிளில் வந்து கதவைத் தட்டி, "நீங்கதான் சாமி எங்க தெய்வம்" என்று காலில் விழுந்தார். போய்ப் பார்த்தேன், மகன் பிழைத்துக்கொண்டான். அப்புறம் ஒருநாள் கடைத்தெருவில் என்னைக் கண்டதும் அவர் சட்டென்று எதிர்ச்சாரிக்கு மாறிவிட்டார். இதில் வேடிக்கை, நான் அவரிடம் ஃபீஸ் கேட்கவே இல்லை. கேட்டுவிடுவேனோ என்ற பயம் அவருக்கு.

இந்த விவகாரம் கோர்டஸுக்கு முன்பே பழசு. வலி இருக்கும்போதே வாங்கிவிடு என்று இடைக்கால லத்தீனில் மருத்துவர்களுக்குச் சொலவடையே உண்டு. கோர்டஸ் அந்த யோசனையைச் சொல்லவில்லை. நடப்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது.

ஈரடியார்

லத்தீன் படித்தவன் வந்துவிட்டேன். மூலத்தின் முதல் வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள்:

த்ரேஸ் மெதிகுஸ் ஃபகியேஸ் ஹபெத். ஊனம், குவாந்தோ ரொகாதுர்

லத்தீன் யாப்பு நம்முடையதைப் போலவே குறில் நெடில் பார்க்கிற யாப்பு. குறுங்கவிதைக்கு வழக்கமான வடிவம் ஈரடி. முதல் அடியில் ஆறு சீர், இரண்டாவதில் ஐந்து. குறள் வெண்பாவின் நாற்சீரும் முச்சீரும் பழகிய காதுக்கு இரண்டாம் அடி சட்டென்று குறைந்து நிற்கும் சுகம் உடனே பிடிபடும். எய்கிற அம்பு அந்தக் குறைந்த அடியில்தான் இருக்கும். இந்தக் கவிதை அப்படி இரண்டு ஈரடிகள்.

மேலே உள்ள வரியின் முதல் மூன்று சீரும் ஒரு நெடில், இரண்டு குறில் என்று குதித்து ஓடுகின்றன. ஆளை அழைத்துவர ஓடுகிற வேகம். கடைசி வரிக்கு வந்தால் "ஹோர்ரிதுஸ்", "தெர்ரிபிலிஸ்க்வே" என்று இரட்டை ரகரம் உறுமுகிறது. வரியின் கடைசிச் சொல் "சதான்". அதுவரை சாத்தானைக் கண்ணில் காட்டவே மாட்டார்.

வெண்பாப்பித்தன்

குறள் வெண்பா என்ற பேச்சு காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நாலடியில் கட்டிப் பார்த்தேன்:

வாவென் றழைக்கையில் வானவன், வந்துநம்
நோவகற்றும் போதிலோ நேர்தெய்வம் – மேவியநோய்
தீர்ந்தபின் கூலியைத் தாவென்று கேட்டாலோ
கூர்ங்கொம்புச் சாத்தா னவன்.

தளை தட்டினால் சொல்லுங்கள்.

ஈரடியார்

தளை தட்டவில்லை. கொம்பு மட்டும் உங்கள் கைச்சரக்கு, மூலத்துச் சாத்தானுக்குக் கொம்பு கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும், நன்றாக இருக்கிறது.

கறார்கந்தன்

எல்லோரும் ஒரே கவிதையைச் சுற்றிக் கும்மியடிக்கிறீர்கள். மீதியையும் சொல்ல வேண்டாமா? கோர்டஸின் குறுங்கவிதைகள் மொத்தம் 13 தொகுதி. அவற்றில் பெரும்பங்கு வசவு. பாதிரியார், துறவி, போட்டி ஆசிரியர், பணக்காரன், மட்டமான கவிஞன், யாரையும் விடவில்லை. திலோனினுஸ் ஃபிலிம்னுஸ் என்ற இன்னொரு லத்தீன் புலவரோடு சண்டை மூண்டு, 1515இல் அவரைத் தாக்கி ஒரு நூலே அச்சிட்டார். தற்காப்பு என்று பெயர், உள்ளே இருப்பதோ அடிதடி. இவரை மகாகவி ரேஞ்சுக்குத் தூக்குவது எனக்கு ஒப்பவில்லை. வாய்த்துடுக்குக்காரர், யாப்பு தெரிந்தவர், அவ்வளவுதான்.

பழஞ்சுவடி

மகாகவி என்று நான் சொல்லவே இல்லை கந்தன். அந்தக் காலத்து எர்ஃபர்ட்டில் மகாகவிப் பட்டம் அவருடைய நண்பர் எயோபானுஸ் ஹெஸ்ஸுஸுக்குத்தான். கவிராயர்களின் ராஜா என்றே அழைத்தார்கள். கோத்தாவில் இருந்த அறிஞர் முத்தியானுஸ் ரூஃபுஸைச் சுற்றித் திரண்ட கூட்டம் அது. ஹெஸ்ஸுஸ் லத்தீனில் உடல்நலம் பேணும் விதிகளைச் செய்யுளாக எழுதினார், அவர் மருத்துவரே இல்லை. மருத்துவரான கோர்டஸோ மனிதர்களின் அசட்டுத்தனத்தை எழுதினார்.

வசவு என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். இருநூறு வருஷம் கழித்து ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங் எழுதிய குறுங்கவிதைகளில் சிலவற்றுக்கு மூலம் கோர்டஸ்தான். வெறும் வசவாக இருந்தால் லெஸ்ஸிங் கைவைத்திருக்க மாட்டார்.

ஈரடியார்

ஆயர் பாடல்களையும் மறந்துவிடக் கூடாது. பழைய ரோமானியக் கவிஞர் வெர்கிலைப் பின்பற்றிப் பத்துப் பாடல். அந்த வகையில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆடு மேய்ப்பவனைக் காதலில் உருக வைத்து, நிழலில் குழல் ஊத வைப்பார்கள். கோர்டஸின் ஆயர்களுக்கு வரிப் பாக்கி இருக்கிறது. பண்ணை முதலாளியும் மடத்தாரும் விளைச்சலைப் பிடுங்கிக்கொண்டு போவதைச் சொல்லிப் புலம்புகிறார்கள். நூல் வந்த ஆண்டு 1514, ஜெர்மானிய உழவர் போர் 1524–25. உழவர் வீட்டுப் பிள்ளை லத்தீனில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். மேய்ச்சல் நிலத்தை அவர் புத்தகத்தில் பார்க்கவில்லை.

கறார்கந்தன்

ஆயர் பாடலுக்கு என் ஓட்டு உண்டு. குறுங்கவிதைக்கு இன்னும் இல்லை.

ஓய்ந்தஸ்டெத்

மருத்துவப் பக்கம் வருவோம். ஃபெராராவில் யாரிடம் படித்தார்?

பழஞ்சுவடி

நிக்கோலோ லியோனிசேனோவிடம். 1428இல் பிறந்தவர், கோர்டஸ் போய்ச் சேர்ந்தபோது கிழவருக்குத் தொண்ணூற்று மூன்று வயது! இவர் 1492இல் பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் பிழைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி இத்தாலியையே கலக்கியவர். அதில் உள்ள வாதம் இன்றைக்குச் சாதாரணமாகத் தோன்றும். பிளினி கிரேக்க நூல்களிலிருந்து மூலிகைகளை எடுத்தபோது ஒரு செடியை இன்னொன்றாக நினைத்துக் குழப்பிவிட்டார். அவரை நம்பி மருந்து கொடுத்தால் சாவது நோயாளி. பிளினியையே குறை சொல்வதா என்று பெரிய ரகளை நடந்தது.

கோர்டஸ் அந்தத் தீக்கங்கை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தார். 1534இல் வெளியிட்ட 'போடனோலோகிகோன்' லத்தீன் உரைநடையில் அமைந்த உரையாடல். நண்பர்கள் சேர்ந்து செடி பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். வழியில் தென்படும் ஒவ்வொரு செடியையும் பிடுங்கிப் பார்த்து, மூலிகை நூல் எழுதிய பழைய கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் சொன்னது இதுதானா, மருந்துக்கடைக்காரன் அதே பெயரில் விற்பது என்ன என்று வாக்குவாதம். டயாஸ்கோரிடிஸ் கண்டது மத்தியதரைக் கடலோரத்துச் செடிகள். அதே பெயர்களை ஹெஸ்ஸேயில் முளைத்த செடிகளுக்குச் சூட்டிவிட்டுக் கடைக்காரர்கள் பாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். மார்புர்க்கில் சொந்தத் தோட்டம் போட்டு, மாணவர்களை வெளியில் கூட்டிப்போய்ச் செடி காட்டியவர் கோர்டஸ். பீசாவிலும் பாதுவாவிலும் பல்கலைக்கழகத் தோட்டங்கள் வந்தது 1540களில்.

இன்னொரு வேடிக்கை, அவர் மனைவி குனிகுண்டே மருந்துக்கடைக்காரர் குடும்பத்துப் பெண். வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓய்ந்தஸ்டெத்

சிறுநீர்க் குடுவை விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நோயாளி வர மாட்டார், அவருடைய சிறுநீர் மட்டும் கண்ணாடிக் குடுவையில் வரும். மருத்துவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறம், கலங்கல், அடியில் தங்கிய வண்டல் எல்லாம் பார்த்து, இன்ன நோய், இத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா, கர்ப்பமா இல்லையா என்றுகூடக் கேட்பார்கள். சொல்லாவிட்டால் கெட்டிக்காரர் இல்லை என்று அடுத்தவரிடம் போய்விடுவார்கள். இந்தப் பித்தலாட்டத்தை எதிர்த்தும் கோர்டஸ் எழுதியிருக்கிறார், அவர் இறந்த பிறகே அச்சாகியது. ஆளைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி "என்ன டாக்டர், பயப்படலாமா?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கு நிறைய உண்டு. கோர்டஸின் எரிச்சல் நன்றாகவே புரிகிறது.

வெண்பாப்பித்தன்

மருத்துவத்தையே செய்யுளாக எழுதினாரா? நம்மிடம் வைத்தியப் பாடல்கள் நிறைய இருக்கின்றன, அதனால் கேட்கிறேன்.

ஈரடியார்

சொந்தமாக எழுதியதைவிட மொழிபெயர்ப்பைச் சொல்ல வேண்டும். பழங்காலக் கிரேக்கக் கவிஞர் நிகாண்டர் இரண்டு நெடுங்கவிதை எழுதினார். ஒன்று பாம்பு, தேள் முதலான நச்சுயிர்களும் கடிக்கு மருந்தும். இன்னொன்று உணவிலும் பானத்திலும் கலக்கும் நஞ்சும் முறிவும். கிரேக்கமே கரடுமுரடு, நிகாண்டர் அதிலும் தேடித் தேடி அரிய சொற்களைப் போடுகிறவர். கோர்டஸ் இரண்டையும் லத்தீன் செய்யுளாக்கி 1532இல் வெளியிட்டார். அதே 1532இல் தேரியாக் என்ற நஞ்சுமுறிவு மருந்தைச் சரியாகத் தயாரிப்பது எப்படி என்று ஜெர்மன் மொழியில் ஒரு சிறுநூலும் போட்டார். விரியன் பாம்பு இறைச்சி, அபின் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட சரக்கு சேரும் மருந்து அது. எந்தச் சரக்கு போலி என்று கண்டுபிடிப்பதே தனி வித்தை. கவிதை படித்தவர்களுக்கு லத்தீன், மருந்து வாங்குகிறவர்களுக்கு ஜெர்மன் என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்.

பழஞ்சுவடி

அந்தப் பிரிவினை 1529இல் இன்னும் பளிச்சென்று தெரியும். இழையில் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான், கொஞ்சம் நீளும்.

'ஆங்கில வியர்வை' என்றொரு கொள்ளைநோய். 1485இல் இங்கிலாந்தில் தலைகாட்டியது. திடீரென்று நடுக்கம், பிறகு வெள்ளமாக வியர்வை, பலர் ஒரே நாளுக்குள் முடிந்துவிடுவார்கள். என்ன கிருமி என்று இன்றுவரை யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. 1529 கோடையில் ஹாம்பர்க்கில் இறங்கி ஜெர்மனி முழுவதும் பரவியது. வியர்த்தால்தான் பிழைப்பான் என்று ஆளை இறகு மெத்தைகளுக்குள் திணித்து மூடி வைத்தார்கள். நோயில் செத்தவர்களோடு மூச்சுமுட்டிச் செத்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் ஹெஸ்ஸே பிரபு ஃபிலிப், கிறிஸ்தவச் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரையும் ஸ்விங்லியையும் மார்புர்க் கோட்டைக்கு வரவழைத்து நேருக்கு நேர் உட்கார வைத்தார். திருவிருந்து அப்பத்தில் கிறிஸ்துவின் உடல் உண்மையாகவே இருக்கிறதா, அது அடையாளம் மட்டும்தானா என்று சீர்திருத்த அணியே இரண்டாகப் பிளந்து கிடந்த நேரம். கோர்டஸ் அதே ஊர்ப் பேராசிரியர். இரண்டு வேலை செய்தார்.

வியர்வை நோயிலிருந்து தப்புவது எப்படி என்று பொதுமக்களுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கையேடு. கோட்டைக்கு வந்த இறையியலாளர்களுக்கு லத்தீனில் ஒரு கவிதை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஆளுக்கொரு அடைமொழி கொடுத்து வரவேற்கிறார். கூர்மதி லூத்தர், சாந்தமான ஓகொலாம்பாடியுஸ், பெருமனம் கொண்ட ஸ்விங்லி, சொல்வன்மை மிக்க மெலாங்க்தோன் என்று போகிறது வரிசை. திருச்சபை அழுதுகொண்டு உங்கள் காலில் விழுகிறது, சண்டையை நிறுத்துங்கள் என்பது சாரம். ஊரையே வைதவர், ஒருமுறை யாரையும் வையாமல் கைகூப்பிக் கேட்டிருக்கிறார்.

பேச்சின் முடிவில் எழுதிய 15 பிரிவில் 14இல் உடன்பாடு வந்தது. கடைசிப் பிரிவான திருவிருந்தில் வரவில்லை. வியர்வை நோய் ஊரை எட்டவே பிரபு கிளம்பிவிட்டார், பேச்சும் அக்டோபர் தொடக்கத்திலேயே முடிந்தது.

கறார்கந்தன்

இந்தக் கவிதையை நான் கேள்விப்பட்டதில்லை. மார்புர்க் பேச்சைப் பற்றி எங்கே படித்தாலும் மேசையில் லூத்தர் 'இது என் உடல்' என்று சாக்கட்டியால் எழுதியதைத்தான் சொல்வார்கள். ஆனாலும் ஒன்று, அடைமொழி அடுக்கி வரவேற்புப் பா பாடுவது அந்தக் காலத்தில் எல்லாப் பேராசிரியரும் செய்ததுதானே?

பழஞ்சுவடி

செய்ததுதான். ஆனால் இரு தரப்பையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சமமாகப் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும். கோர்டஸ் லூத்தர் பக்கத்து ஆள். தன் தலைவரோடு மல்லுக்கு வந்தவரைப் பெருமனத்தார் என்று எழுதுவது சடங்காகத் தோன்றவில்லை எனக்கு.

தாவரவியல்டீச்சர்

நானும் நுழைகிறேன். கோர்டஸ் என்றால் எங்கள் துறையில் முதலில் நினைவுக்கு வருவது மகன் வலேரியஸ் கோர்டஸ்தான். 1515இல் பிறந்தவர். அப்பாவிடமே செடி பழகி, பன்னிரண்டு வயதில் மார்புர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னால் விட்டன்பெர்க்கில் டயாஸ்கோரிடிஸைப் பாடமாக நடத்தினார். ஈதரைத் தயாரிக்கும் முறையை எழுதி வைத்தவர் இவர்தான். மயக்க மருந்தாக அது பயன்படவே இன்னும் முந்நூறு வருஷம் ஆயிற்று. நூரம்பர்க் நகர மன்றம் 1546இல் வெளியிட்ட மருந்துத் தயாரிப்பு நூலும் இவருடையது. அச்சில் பார்க்க அவர் இல்லை. 1544இல் இத்தாலியில் செடி தேடி அலைந்தபோது குதிரை உதைத்துக் காலில் காயம், கூடவே காய்ச்சல், ரோமில் இறந்துபோனார். வயது இருபத்தொன்பது. சுவிஸ் இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர்தான் 1561இல் அவர் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார்.

அப்பாவும் பிள்ளையும் நம் ஊரில் மரமாகவே நிற்கிறார்கள், தெரியுமா? நறுவிலி, சில ஊர்களில் மூக்குச்சளிப் பழம் என்பார்கள். அந்தப் பேரினத்துக்குக் கோர்டியா என்று பெயர். பிரெஞ்சுத் துறவி ப்ளுமியே சூட்டிய பெயர், தாவரங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1753இல் எடுத்துக்கொண்டார். பழத்துக்குள் இருக்கும் கொழகொழப்பைப் பசையாகத் தேய்த்து நோட்டுப் புத்தகம் ஒட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். உலர்த்திய அதே பழம் செபெஸ்தன் என்ற பெயரில் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் இருமலுக்கு விற்றது. கோர்டஸ் சண்டை போட்ட கடைக்காரர்களின் அலமாரியிலும் இருந்திருக்கும்.

வெண்பாப்பித்தன்

மூக்குச்சளிப் பழத்துக்குள் லத்தீன் கவிஞரா! இதற்கே ஒரு வெண்பா எழுதலாம்.

ஓய்ந்தஸ்டெத்

மூன்று முகக் கவிதைக்குத் திரும்புகிறேன். ஒரு சந்தேகம். இது டாக்டரைக் கிண்டல் செய்கிறதா, நோயாளியையா? எங்கள் ஆட்கள் நோயாளியை என்கிறார்கள், மற்றவர்கள் எங்களை என்கிறார்கள்.

கறார்கந்தன்

இரண்டு பேரையும்தான். அவர்தான் யாரையும் விடமாட்டாரே.

பழஞ்சுவடி

நெதர்லாந்தில் ஹெண்ட்ரிக் கோல்ட்ஸியுஸின் பட்டறையிலிருந்து 1587 வாக்கில் வந்த நான்கு செதுக்கோவியங்களைப் பார்த்தால் ஒரு விடை கிடைக்கும். அங்கே முகம் நான்கு. நோயாளி சாகக் கிடக்கும்போது மருத்துவர் கிறிஸ்துவாக நிற்கிறார். கொஞ்சம் தேறியதும் தேவதூதன். எழுந்து உட்கார்ந்ததும் சாதாரண மனிதன். பூரண குணமாகிப் பில் வந்ததும் பிசாசு. நோயாளி ஏற ஏற மருத்துவர் இறங்கிக்கொண்டே வருகிறார். அங்கே ஒரு மனிதப் படி இருக்கிறது. கோர்டஸிடம் அந்தப் படி இல்லை, கடவுளிலிருந்து நேராகச் சாத்தான். மருத்துவரை மனிதனாகப் பார்க்கிற நொடி அவர் கவிதையில் எங்குமே கிடையாது. மருத்துவர் செய்யும் காரியம் என்னவென்று பாருங்கள்: கூப்பிட்டார்கள், வந்தார், குணப்படுத்தினார், கூலி கேட்டார். தப்பாக ஒன்றும் செய்யவில்லை. மாறுவதெல்லாம் கட்டிலில் கிடப்பவரின் பார்வை. குடுவையைப் பார்த்து ஆளைப் பாராத வழக்கத்தைத் திட்டியவர், இங்கே ஆளையே பாராத நோயாளியைப் பிடித்திருக்கிறார். என் வாக்கு, டாக்டர் சார், உங்கள் பக்கம்.

கறார்கந்தன்

நகர மருத்துவராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு, பேராசிரியராகவும் சம்பளம் வாங்கியவர், கூலி கேட்டுப் போனதைப் பற்றி இவ்வளவு உருக்கமாக எழுதுவானேன்?

ஓய்ந்தஸ்டெத்

அரசு சம்பளம் வாங்கிய நானும் மாலையில் கிளினிக் வைத்திருந்தேன் தம்பி. மேற்கொண்டு கேட்காதீர்கள்.

தாவரவியல்டீச்சர்

குறுங்கவிதைகளை எங்கே படிப்பது? லத்தீன் எனக்குத் தாவரப் பெயர் அளவுக்குத்தான் வரும்.

ஈரடியார்

கார்ல் கிரவுஸே 1892இல் வெளியிட்ட மறுபதிப்பு தெளிவான அச்சு, அதில் தொடங்குங்கள். பதினாறாம் நூற்றாண்டு மூலம்தான் வேண்டும் என்றால் மியூனிக்கில் உள்ள பவேரிய அரசு நூலகத்தின் தளத்தில் தேடுங்கள், பழைய அச்சு நூல்களை ஏராளமாக ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரே தொல்லை சுருக்கெழுத்து. உயிரெழுத்தின் மேல் சிறு கோடு கண்டால் அடுத்து ஒரு ம் அல்லது ன் விடுபட்டிருக்கிறது. சொல்லின் கடைசியில் அரைப்புள்ளி மாதிரி வால் தொங்கினால் "க்வே", நம்முடைய "உம்". எஸ் என்ற எழுத்து சொல்லின் நடுவில் நீண்டு எஃப் போலத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். முதலில் நீளமான கவிதைகளை விட்டுவிட்டு ஈரடிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். மாட்டிக்கொண்டால் அந்தப் பக்கத்தைப் படமாக இங்கே போடுங்கள், சேர்ந்து பிரிப்போம். வெண்பாப்பித்தனுக்கும் வேலை கிடைக்கும்.